புயலும் முதுமரமும்: சாரத்திலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

புதுச்சேரி நகரின் வடமேற்கில், உழவர்கரை நகராட்சிக்குள் அடங்கிய சாரம் என்னும் பகுதியை நம் வாசகரிற் பலர் பேருந்தில் இருந்தவாறே கண்டிருப்பர். கடைகளும் மண்டபங்களும் நெருங்கி நிற்கும் இவ்விடம், நம் அண்டை வீட்டு முதியோர் சிறுவராயிருந்த காலத்தில் தோப்பும் வயலுமாக இருந்தது என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அக்காலத்தின் எச்சமாக, நாம் குடியிருந்த தெருவின் முனையில் ஒரு புளியமரம் நின்றது. அதன் வயதை அறிந்தவர் எவருமிலர். தம் பாட்டனார் நாளிலும் அது பெரிய மரமாகவே இருந்தது என்பதற்கு மேல் எவராலும் சொல்ல இயலவில்லை.

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் விடியற்காலையில் 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோது அம்மரம் சாய்ந்தது. காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வீசிற்று. மறுநாள் இரவு ஆண்டிறுதி ஆராதனையை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நடத்த வேண்டியதாயிற்று. இடையிலே சிறிது ஓய்வு கிடைத்தபோது நாம் போய் அம்மரத்தின் அடியைப் பார்த்தோம். கிழக்குப் பக்கத்து வேர்கள் நார் நாராகக் கிழிந்து, மண்ணையும் பற்றிக்கொண்டு வெளிவந்திருந்தன. மேற்குப் பக்கத்திலோ கிழிந்த வேர் ஒன்றுமில்லை. அங்கே வேர்கள் யாவும் ஒரே நேர்கோட்டில் முடிந்திருந்தன. முனைகள் கறுத்து, உளுத்து, விரலால் அழுத்தினால் பொடியாயின. அந்தக் கோடு தெருவோரக் கழிவுநீர்க் கால்வாயின் சுவரோடு ஒத்திருந்தது. கால்வாய் வெட்டிய நாளிலேயே வேரும் வெட்டுண்டது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கிற்று.

ஊரார் அம்மரத்தைப் புயலின் கணக்கில் எழுதினர். அக்கணக்கு சரிதானா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

புதுவைக்குப் புயல் புதிதன்று. 1760-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அயர் கூட் என்பவரின் தலைமையில் இந்நகரை முற்றுகையிட்டனர். உழவர்கரையும் அப்போர்க்களத்தின் ஒரு பகுதியாயிருந்தது. அந்நாளில் நகருக்கு வெளியே, கற்றாழையும் சப்பாத்துக்கள்ளியும் பனையும் தென்னையும் செறிந்த எல்லை வேலி ஒன்று காவலாக அமைந்திருந்தது. முற்றுகை நடந்துகொண்டிருக்கையில், 1761-ஆம் ஆண்டு பிறந்த இரவில் பெரும்புயல் ஒன்று அடித்து, கடலில் நின்ற ஆங்கிலக் கப்பல்களில் சிலவற்றை மூழ்கடித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆயினும் முற்றுகை நீங்கவில்லை. அம்மாத நடுவில் லாலி நகரை ஒப்படைத்தார். கப்பல்கள் எத்தனை என்று வரலாற்றாசிரியர் எண்ணியிருக்கின்றனர். மரங்களை எண்ணியவர் இலர். அந்தப் புயலுக்கும் 'தானே' புயலுக்கும் நாட்கணக்கில் பார்த்தால், இரண்டரை நூற்றாண்டு இடைவெளி இருந்தும், பருவம் ஏறத்தாழ ஒன்றே என்பது கவனிக்கத்தக்கது.

மரங்களை நினைத்தவர் ஒருவர் 1916-இல் இருந்தார். அவ்வாண்டு நவம்பர் 22-ஆம் நாள், நள வருஷம் கார்த்திகை 8, புதன்கிழமை இரவு புதுவையைப் புயல் தாக்கிற்று. அப்போது இந்நகரில் அடைக்கலம் புகுந்திருந்த சுப்பிரமணிய பாரதியார் அதைக் குறித்து இரண்டு பாடல்கள் இயற்றினார். ஒன்று புயற்காற்றைப் பற்றியது. மற்றொன்று பிழைத்து நின்ற ஒரு தென்னந்தோப்பைப் பற்றியது. வீழ்ந்தவற்றின் நடுவே நின்றதைப் போய்ப் பார்த்த அவர் கண், வரலாறு எழுதுவோர்க்கும் வேண்டற்பாலது.

ஏனெனில், 1916-க்கு முன்பே முளைத்து இங்கே இன்றும் நிற்கும் மரம் ஒவ்வொன்றும் அவ்வாண்டுப் புயலைத் தாங்கிய மரமாகும். சாரத்துப் புளியமரத்தைப் பற்றி முதியோர் சொன்னது உண்மையாயின், அதுவும் அவ்வாறு தாங்கியதே. அப்படித் தாங்கியது பின்னர் ஏன் தாங்கவில்லை? நின்றவற்றை மட்டுமே நாம் காண்கிறோம், 1916-இல் விழுந்தவை நம் கண்ணுக்கு இல்லை என்று ஒரு மாணவர் வகுப்பில் மறுத்துரைத்தார். அவர் சொன்னது சரியே. முதுமையும் ஒரு காரணம் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்த வெட்டுண்ட வேர்முனைகள் நம் கண் முன் இருந்தன. அவை முதுமையால் வந்தவையல்ல.

இக்கரையில் முற்காலத்தில் எத்தகைய மரங்கள் நின்றன என்பதற்கு எழுத்துச் சான்று தேடுவோர், வியப்பான விதமாக, நம் ஊழியத்தின் முன்னோரிடமே வந்து சேர்வர். டென்மார்க்கின் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியில் 1706-இல் தொடங்கிய மிஷனுக்கு, 1768-இல் மருத்துவராக வந்தவர் கோனிக். லின்னேயஸிடம் நேரே பயின்றவர் அவர். அவர் மூட்டிய ஆர்வம் மிஷனெரிமாரையும் பற்றிக்கொண்டது. கிறிஸ்தோப் சாமுவேல் ஜான், ரோட்லர், கிளைன் ஆகியோர் உபதேசிகளின் ஊர்களைச் சுற்றி வந்த வழியெல்லாம் செடிகொடிகளைப் பறித்து, உலர்த்தி, தாளில் ஒட்டி, ஐரோப்பிய அறிஞருக்கு அனுப்பினர். இவர்களுள் ரோட்லரைப் பொது ஜெபப் புத்தகத்தைத் தமிழாக்கியவராகவும், தமிழ் அகராதி தொகுத்தவராகவும் நம் மாணவர் அறிவர். தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பிய பயணத்தில் தாம் கண்ட தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய குறிப்புகள், வில்டெனோ என்னும் தாவரவியலாரின் விளக்கங்களோடு 1803-இல் பெர்லினில் அச்சாயின என்பதை அறிந்தோர் சிலரே. அவ்விரு ஊர்களுக்கும் இடைப்பட்ட கரைநாட்டில்தான் நம் புதுவையும் உள்ளது. அவர் 1836-இல் வேப்பேரியில் காலமான பின்பு அவரது சேகரம் இலண்டனுக்குச் சென்று, பின்னர் கியூ தாவரத் தோட்டத்தில் சேர்க்கப்பட்டது.

இதனைப் பொழுதுபோக்கு என்று எண்ணி நம் திருச்சபை வரலாற்று நூல்கள் ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. அது குறையென்றே நாம் கருதுகிறோம். உலர்ந்த தாவரத் தாள் ஒன்று, ஒரு மரம் ஓரிடத்தில் இருந்தது என்பதற்கும், எக்காலத்தில் பூத்தது என்பதற்கும் சான்றாகிறது. இன்று பருவம் மாறி மரங்கள் முந்திப் பூக்கின்றனவா, எந்த மரம் எந்தக் கரையை விட்டு மறைந்தது என்று ஆராய்வோர், உலகெங்கும் இத்தகைய பழைய தாள்களையே புரட்டுகின்றனர். மருத்துவர் கோனிக்கும் ரோட்லரும் தட்பவெப்ப மாற்றம் என்பதைக் கனவிலும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

இக்கரைக்கு உரிய காடு உயரமற்றது. உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலார் பெயரிட்ட அதில் வீரை, உலக்கைப்பாலை, காயா, இரும்பிலி முதலிய மரங்கள் தடித்த சிறிய இலைகளோடு, கொடிகளால் ஒன்றோடொன்று பின்னப்பட்டு, தாழ்வாகவும் நெருக்கமாகவும் வளர்கின்றன. ஆண்டில் பல மாதம் மழையின்றி இருந்து, பின்பு ஓரிரு மாதத்தில் பெருமழையையும் புயலையும் எதிர்கொள்ளும் நாட்டுக்கு அது ஏற்ற உருவம். விறகுக்கும் மேய்ச்சலுக்கும் உழவுக்கும் இரையாகி அக்காடு இன்று துண்டு துண்டாகவே எஞ்சியிருக்கிறது. எஞ்சிய துண்டுகளிற் பெரும்பாலானவை கோயிற்காடுகள். புதுவைக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய புத்துப்பட்டு அய்யனார் கோயிற்காடு அவற்றுள் பெயர்பெற்றது. கிளையை ஒடிக்க ஊரார் அஞ்சியதாலேயே அது பிழைத்தது. அவ்வச்சத்தை மூடநம்பிக்கை என்று நம் முன்னோர் பிரசங்கித்தனர். பிரசங்கித்த அவர்களுடைய வளாகங்களிலோ அக்காட்டின் மரம் ஒன்றேனும் நிற்கக் காண்பது அரிது.

பிரெஞ்சுக்காரர் வேறு வகை மரங்களை நட்டனர். 1826-இல் அவர்கள் அமைத்த தாவரவியல் தோட்டம் இன்றும் நகரின் தென்மேற்கில் உள்ளது. சுவிட்சர்லாந்தில் பிறந்து, உலகைச் சுற்றிய பின் 1870-இல் புதுவையிலேயே மறைந்த பெரோத்தே என்னும் தாவரவியலார் அதை வளர்த்தோருள் முதன்மையானவர். பல கண்டங்களின் மரங்கள் அங்கே வேரூன்றின. சாலையோரங்களிலும் மிஷன் வளாகங்களிலும் தூங்குமூஞ்சி போன்ற அயல்நாட்டு நிழல் மரங்கள் பரவின. விரைந்து வளர்வதும் அகன்று விரிவதும் அவற்றின் சிறப்பு. காற்றுக்கு அதுவே இடமாயிற்று. 'தானே' வீசியபோது தாவரவியல் தோட்டத்தில் பழைய மரங்கள் பல வீழ்ந்தன. ஆரோவில்லில் மண்ணரிப்பைத் தடுப்பதற்கென முன்னர் நட்ட ஆஸ்திரேலிய வேலமரங்கள் பெருமளவில் சாய்ந்தன. கரைக்குரிய மரங்கள் ஒப்பிடுகையில் குறைவாகவே விழுந்தன என்பது அங்கே மரம் வளர்ப்போரின் அனுபவம். ஆயினும் அயல்மரம் யாவும் பகை என்று சொல்லத் துணியோம். நம் புளியே ஆப்பிரிக்காவிலிருந்து என்றோ வந்தது. அராபியர் அதனை இந்தியப் பேரீச்சை என்று அழைக்கும் அளவுக்கு இந்நாட்டு மரமாயிற்று. பெங்களூருக்கு அருகே தேவனஹள்ளிப் பக்கத்து நல்லூர்ப் புளியந்தோப்பு, சில நூற்றாண்டு வயதுள்ள மரங்களைக் கொண்டு, 2007-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது.

இனி மரத்தின் உடலைச் சிறிது பார்ப்போம். முதுமரத்தின் நடுப்பகுதி உயிரற்றது. பட்டைக்கு அடியில் உள்ள மெல்லிய அடுக்கே நீரையும் உணவையும் கொண்டுசெல்கிறது. ஆகையால் உள்ளே பொந்து விழுந்தது என்பதனாலேயே மரம் நோயுற்றது என்று வெட்டிவிடுதல் தவறு. வேரைப் பற்றியும் நம்மிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. கிளை எவ்வளவு மேலே செல்கிறதோ அவ்வளவு வேர் கீழே செல்லும் என்று நினைக்கிறோம். உண்மையில் உணவும் நீரும் உறிஞ்சும் வேர்களிற் பெரும்பகுதி மேல்மண்ணில் ஒரு மீட்டருக்குள்ளேயே, கிளைகளின் நிழலையும் தாண்டிப் பரவிக் கிடக்கின்றன. அவ்வேர்கள் மூச்சுவிட வேண்டும். மண்ணில் காற்று புக வேண்டும். தாரும் சிமெண்டும் போட்டு, லாரி ஏற்றி இறுக்கினால் அவை மெல்ல மடிகின்றன. மேலே இலை பல ஆண்டுகள் பசுமையாகவே இருக்கும். அதனால் எவரும் ஐயுறுவதில்லை.

அப்படி வேர் குறைந்த மரத்தின்மேல் தட்பவெப்ப மாற்றம் வந்து சேர்கிறது. வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும். ஆகவே வறட்சிக் காலத்தில் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் அதிகம் உறிஞ்சுகிறது. மழைக் காலத்தில் ஒரேயடியாகக் கொட்டுகிறது. 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. அதே ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் 'வர்தா' சென்னையின் மரங்களை ஆயிரக்கணக்கில் வீழ்த்திற்று. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு புதுவைக்கு அருகே கரையேறிய 'ஃபெஞ்சல்' காற்றில் வலியதன்று. ஆனால் அது நகராமல் நின்று, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை பொழிந்தது. மறுநாள் திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு; ஆராதனைக்கு வரவேண்டியவர்கள் இடுப்பளவு நீரில் பண்டபாத்திரங்களைக் காத்துக்கொண்டிருந்தனர். இத்தகைய மழையில் மண் சேறாகி வேரின் பிடி தளரும். பிறகு சிறு காற்றும் போதும். கடலோர நிலத்தடி நீரை மிகுதியாக இறைப்பதால் உவர்நீர் உட்புகுவது இவற்றோடு சேர்ந்த தனித் துன்பம்.

உலகின் பிற பாகங்களிலும் முதுமரங்கள் இவ்வாறே தளர்கின்றன. தென்னாப்பிரிக்கப் பகுதிகளின் பாவோபாப் மரங்களை, அதாவது நம் இராமநாதபுரக் கரையிலும் மன்னாரிலும் அராபிய வணிகரால் வந்ததாகக் கருதப்படும் பெருக்க மரத்தின் இனத்தை, ஆராய்ந்தோர் 2018-இல் அறிவித்ததாவது: மிகப் பழைய 13 மரங்களுள் 9 மரங்கள், முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் முற்றிலுமோ, தம் மிகப் பழைய பாகமோ மடிந்துவிட்டன. கலிபோர்னியாவில் 2020-இல் பற்றிய ஒரே காட்டுத்தீ, உலகிலுள்ள பெரிய செக்கோயா மரங்களில் 10 முதல் 14 விழுக்காட்டை அழித்ததென மதிப்பிடப்பட்டது. திருமறை மாணவர்க்கு அணுக்கமானது லீபனோனின் கேதுரு. ஆடுகள் கன்றுகளைத் தின்னாதபடி 1876-இல் விக்டோரியா அரசியாரின் செலவில் மதில் எழுப்பிக் காக்கப்பட்ட தோப்பு அது. இன்று அதற்கு ஆபத்து ஆட்டால் அன்று. கேதுருவின் விதை முளைக்கக் குளிர் வேண்டும். பனியோ குறைந்து வருகிறது. குளிர் நாடி மரம் மலைமேல் ஏற வேண்டும். மலைக்கோ உச்சி உண்டு. 1990-களின் பிற்பகுதியில் தன்னூரின் என்னும் கேதுருக் காட்டில் புதியதோர் பூச்சி பெருகி மரங்களை மொட்டையாக்கிற்று. மண் வெதுவெதுப்பாகி உலர்ந்ததே அதன் பெருக்கத்துக்கு வழி என ஆய்ந்தோர் கண்டனர்.

ஆலமரத்தின் வரலாறு சற்று வேறானது. கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில் ஹவுரா தாவரவியல் தோட்டத்துப் பேராலமரம் 1864, 1867 ஆகிய ஆண்டுகளின் புயல்களில் சிதைந்தது. காயத்தில் பூசணம் பற்றி அடிமரம் உளுத்தது. 1925-இல் அடிமரத்தையே வெட்டி நீக்கினர். மரம் சாகவில்லை. விழுதுகளே தூண்களாகி இன்றும் அது பரவி நிற்கிறது. 2020-இல் 'அம்பன்' புயல் அதனை மீண்டும் காயப்படுத்திற்று. சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரமும் 1989-ஆம் ஆண்டுப் புயலில் அடிமரத்தை இழந்து விழுதுகளால் வாழ்கிறது. இவ்விரண்டுக்கும் கிடைத்தது என்ன? விழுது இறங்குவதற்கு வெறும் மண் கிடைத்தது. நம் தெருக்களிலோ, வண்டிக்கு இடிக்கிறது என்று தொங்கும் விழுதை ஆண்டுதோறும் நறுக்குகிறோம். நறுக்காமல் விட்டாலும் கீழே சிமெண்டுத் தரை. காலூன்ற விடாமல் செய்துவிட்டு, காற்றில் விழுந்தது என்கிறோம்.

இங்கே பிறரைக் குறை கூறுவது எளிது. நாம் முன்பு பணியாற்றிய, தென்னாற்காட்டுக் கரையோரத்துச் சபை ஒன்றின் வளாகத்தில் பழைய வேம்பு ஒன்று நின்றது. கோடையில் ஞாயிற்றுப் பள்ளி அதன் நிழலிலேயே நடக்கும். திருமணங்களுக்கு வருவோரின் கார்கள் சேற்றில் அழுந்துகின்றன என்று சபையார் முறையிட்டனர். கமிட்டி கூடி, ஆலய வாசல் முதல் மதில் வரை சிமெண்டுத் தளம் போடத் தீர்மானித்தது. மரத்தைச் சுற்றி அழகாக ஒரு மேடையும் கட்டினோம். அடிமரத்தின்மேல் இரண்டடி மண் ஏற்றி நிரப்பினோம். பட்டையின்மேல் மண் ஏறினால் அது அழுகும் என்பது நமக்குத் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் அங்கே இருந்தார். வளாகத்தைப் பெருக்கிய முதியவர், 'மரத்துக்கு மூச்சு முட்டுமுங்க ஐயா' என்றார். அவர் கமிட்டியில் உறுப்பினரல்லர். தீர்மானத்தில் தலைவராகக் கையொப்பமிட்டவர் நாமே. சில ஆண்டுகளில் ஒரு பக்கத்துக் கிளைகள் உலர்ந்தன. 'தானே' வந்த இரவில் வேம்பு அடியோடு மேடையைப் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. அப்பொழுது அங்கிருந்த ஆயர் நமக்குக் கடிதம் எழுதி, புயல் உங்கள் மரத்தைக் கொண்டுபோய்விட்டது என்று வருந்தினார். நாம் பதிலில் உண்மையை எழுதவில்லை. வருந்துகிறோம் என்று மட்டும் எழுதினோம்.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ஆம் ஆண்டு ஏப்ரலில் டெல்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருந்த கான்கிரீட்டை அகற்ற ஆணையிட்டது. முதுமரத்துக்கு ஒரு மீட்டர் போதாது. ஆயினும் ஒன்றுமில்லாததினும் நன்று. ஆலய வளாகத்தில் அதைச் செய்வதற்குத் தீர்ப்பாயம் வேண்டியதில்லை. கமிட்டித் தீர்மானம் ஒன்று போதும். மார்பளவு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.37 மீட்டரில், அடிமரத்தின் சுற்றளவை அளந்து ஆண்டுதோறும் ஞானஸ்நானப் பதிவேட்டின் பக்கத்திலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதி வருமாறு விடுமுறைக்குச் செல்லும் மாணவரிடம் சொல்லியிருக்கிறோம். ரோட்லர் செய்ததில் இது நூற்றிலொரு பங்கும் ஆகாது. சிலர் அளந்து வந்தனர். ஒருவர் தம் ஊர் ஆலயத்தில் அளக்க மரமே இல்லை என்று வந்து சொன்னார்.

சாரத்தில் அப்புளியமரம் நின்ற இடத்தில் இன்று மின்மாற்றி நிற்கிறது. தெருவின் மறுமுனையில் இன்னும் ஒரு மரம், வேம்பு, பட்டையைத் தொடும்படி சிமெண்டு போடப்பட்டு நின்றது. எதிர்க்கடைக்காரரிடம் நாம் பலமுறை பேசி, கடந்த கோடையில் அடிமரத்தைச் சுற்றி ஒரு முழம் அகலத்துக்குத் தளத்தை உடைக்க இசைவு பெற்றோம். முதல் மழையில் நீர் அந்த இடத்தில் குமிழியிட்டு இறங்கியதை அவரே கூப்பிட்டுக் காட்டினார். இப்போது அவர் தம் ஸ்கூட்டரை அந்த மண்ணின்மேல்தான் நிறுத்துகிறார். ஏனென்று கேட்டோம். 'நிழல் அங்கதானே ஃபாதர் இருக்கு' என்றார். புதுவையில் எந்தச் சபைப் போதகரும் ஃபாதரே. ஸ்கூட்டரை அரை முழம் தள்ளி நிறுத்துவதைப் பற்றி அவரோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.